நன்மைக்கு அழைத்தால் நாமும் செல்வோம்

 

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னர், வாலிபப் பருவத்தில், மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் நடந்த ஓர் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமன் நாட்டு வணிகரிடம் சரக்கை வாங்கிக்கொண்டு விலை தர மறுத்த அநீதியைக் கண்டு, பல கோத்திரத்தார் கூடிச் செய்த ஒப்பந்தம் அது. அதன் பெயர் ஹில்ஃபுல் ஃபுளூல். இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் இசைந்து செல்வேன் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்மாயிதா 2ஆம் வசனத்தை மிம்பர்களில் அடிக்கடி ஓதுகிறோம். மஸ்ஜிதுல் ஹராமை விட்டு உங்களைத் தடுத்தவர்கள் மீதுள்ள வெறுப்புகூட உங்களை வரம்பு மீறச் செய்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கை அதே வசனத்தில் அதற்கு முன்னால் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

நம் காலத்து நிகழ்ச்சி ஒன்றைப் பாருங்கள். 2002ஆம் ஆண்டில் இந்தியாவில் 1600 பேர் போலியோவால் தாக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்துக் குழந்தைகள். முஸ்லிம் குழந்தைகள் மிக அதிகம். சொட்டு மருந்து நம் சந்ததியை அழிக்கவே தரப்படுகிறது என்ற வதந்தி அங்கே பரவியிருந்தது. அம்மக்களை அறிவிலிகள் என்று ஏசிவிடுவது எளிது. ஆனால், 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டைக் கண்டவர்கள் அவர்கள். சாக்கடை தேங்கிக் கிடக்கிறது, நல்ல குடிநீர் இல்லை, காய்ச்சலுக்கு மருந்தில்லை. இந்தச் சொட்டு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வாசலுக்கு வருவானேன் என்று அவர்கள் கேட்டனர்.

அரசு தனித்து நின்று இதற்குப் பதில் சொல்ல இயலவில்லை. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ரோட்டரி சங்கம் ஆகியவற்றுடன் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவும், ஜாமிஆ ஹம்தர்தும், உலமாப் பெருமக்களும் இணைந்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. இமாம்கள் தம் கரத்தாலேயே குழந்தைகளுக்கு மருந்து புகட்டினர். பின்னர் 2009இல், உத்தரப்பிரதேசம், பீகார் மாநிலங்களின் 107 வட்டாரங்களில் குடிநீர், துப்புரவு, வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவையும் சேர்க்கப்பட்டன. மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்!

2009இல் நாடு முழுவதும் 741 பேருக்கு வந்த அந்நோய், 2010இல் 42 பேருக்கே வந்தது. இயற்கையாகப் பரவும் போலியோக் கிருமியால் கடைசியாகத் தாக்கப்பட்டவள் மேற்கு வங்க ஹவுரா மாவட்டத்துச் சிறுமி. அது 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27இல் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றது. அல்ஹம்து லில்லாஹ். பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அக்கிருமி இன்னும் ஒழியவில்லை.

இது வடநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் அதே வதந்தி வந்தது. "ஹஜ்ரத், இது மெய்தானா?" என்று கைப்பேசியை நீட்டிக் கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஜும்ஆவில் நான் வாய் திறக்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையம் சென்று மருத்துவரிடம் விளக்கம் கேட்டு, அடுத்த வாரமே பேசினேன். அந்த ஒரு வாரத்தில் எத்தனை தாய்மார்கள் கதவை மூடியிருப்பார்களோ, அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

ஏரியைப் பேணுவதற்கென்றே தனி வாரியம் அமைத்து, 1100 ஆண்டுகளுக்கு முன் கல்வெட்டில் பொறித்த ஊர் எங்கள் உத்திரமேரூர். (அச்சபையில் எல்லாருக்கும் இடமிருக்கவில்லை என்பது வேறு.) இன்று சுற்றுக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரே பல ஊர்களுக்குச் செல்கிறார். எந்த வீட்டில் கைக்குழந்தை உண்டு என்பது அங்கன்வாடிச் சகோதரிக்குத் தெரியும். யார் சொன்னால் அந்த வீட்டுக் கதவு திறக்கும் என்பதை ஜமாஅத்தார் அறிவார்கள். அவர்கள் நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், முதவல்லியும் இமாமும் நேரில் சென்று, வரும் வெள்ளியன்று என்ன அறிவிக்க வேண்டும் என்று கேட்டு வாருங்கள். பெண்கள் மத்ரஸாவில் ஒரு மணி நேரத்தைச் செவிலியருக்கு ஒதுக்குங்கள். நம் தெருவின் சாக்கடை, குடிநீர்க் குறைகளையும் அப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.