மூடிய கதவு திறக்குமா?



போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முன்பின் தெரியாதவர். குரலில் களைப்பு.

"அண்ணை, என்ர கராஜுக்குள்ள ஒரு எம்.ஜி.பி ஏழு வருசமா நிக்குது. பாதி வேலை முடிஞ்சுது. இனி என்னால ஏலாது. ஒரு பெயின்ற் அடிச்சுப்போட்டு வித்தா நல்ல விலை வருமோ?"

"தம்பி, சில் மாத்தியாச்சோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் மாத்தியாச்சு."

"மாத்தேக்க படம் எடுத்தனீரோ?"

"எடுத்தனான். பழைய போன் ஒண்டில கிடக்குது."

"அப்ப பெயின்றை விட்டுட்டு முதல்ல அந்தப் போனைத் தேடும்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தப் போனுக்கு நான் ஏன் அவ்வளவு மதிப்புக் கொடுத்தேன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எம்.ஜி.பி தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை செய்த கார். இரண்டு பேர் இருக்கலாம், மேலே துணி ஹூட், மடக்கிவிட்டால் வானம். கூரையோடு வந்த ஜி.டி வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். 1974 வரை வந்தவற்றுக்கு மின்னுகிற குரோம் பம்பர். பிறகு அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரையும் சற்று உயர்த்திவிட்டார்கள். இன்றைக்கும் சந்தையில் குரோம் பம்பருக்குத்தான் கிராக்கி. இந்தியாவில் அம்பாசடர் ஓட்டியவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? உங்கள் 1489 சிசி எஞ்சினும் இந்த எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினும் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அண்ணன் கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றப் போனார், தம்பி கடற்கரைக்குக் காற்று வாங்கப் போனார், அவ்வளவுதான் வித்தியாசம்.

எஞ்சின் எனக்கு என்றைக்கும் பயம் தந்ததில்லை. நான் தொழில் பழகியது தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில். பெற்றோல் கிடையாது. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுவோம். அப்படிப் பழகியவனுக்கு எம்.ஜி.பி.யின் இரட்டைக் காபரேற்றர் ஒரு விளையாட்டுச் சாமான். நான் பயப்படப் பழகியது துருவுக்கு. எங்கள் ஊர்ப் பேச்சில் கறள். ஊரிலும் உப்புக்காற்று உண்டு. ஆனால் குளிர்காலம் முழுக்க அரசாங்கமே தெருவில் உப்பைக் கொட்டுகிற நாட்டை இங்கே, பிரிட்டனுக்கு வந்துதான் கண்டேன். அந்த உப்புத்தண்ணீர் போய்த் தங்குகிற இடம்தான் சில்.

சில் என்றால் என்ன? காரின் கதவைத் திறந்தால் கீழே வாசற்படி மாதிரி ஒன்று முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடுமே, அதுதான். பார்த்தால் ஒரு தகடு மாதிரி இருக்கும். எம்.ஜி.பி.யில் அது வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் ஒரு வளைதகடு என்று பல அடுக்கில் ஒட்டிய பெட்டி. இந்தக் காருக்குத் தனிச் சேஸி கிடையாது. உடலே சேஸி. மேல் திறந்த வகைக்குக் கூரையும் இல்லை. ஆகவே முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு படிகளுடையது. வீட்டில் தீப்பெட்டி இருந்தால் எடுங்கள். குச்சியைக் கொட்டிவிட்டு உள்தட்டை மட்டும் இரண்டு முனையிலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். பிறகு உறைக்குள் தள்ளிவிட்டு வளையுங்கள். கூரையில்லாத காருக்கும் கூரையுள்ள காருக்கும் உள்ள வித்தியாசம் விரலுக்கே தெரியும்.

இதை நான் தீப்பெட்டியில் படிக்கவில்லை, அடிபட்டுப் படித்தேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு கராஜில் வேலை. முதலாளி வெளியே போயிருந்தார். கெட்டிக்காரன் என்று காட்ட ஆசை. கதவைக் கழற்றி வைத்துவிட்டு, இடப்பக்கச் சில்லை முழுதாக வெட்டி எடுத்தேன், புதியதை ஒட்டினேன். ஒட்டு அழகாகத்தான் வந்தது. கதவை மாட்டினேன். மேல் விளிம்பு கொஞ்சம் உரசியது. தோளால் ஒரு தள்ளுத் தள்ளினேன், மூடியது. பிறகு திறக்கவில்லை. இழுத்தேன், உதைத்தேன், ஊர்த் தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். சில்லை வெட்டிய நேரத்தில் கார் நடுவில் சில மில்லிமீற்றர் தொய்ந்திருக்கிறது. அந்தத் தொய்வை அப்படியே வைத்து நான் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறேன்!

முதலாளி வந்தார், கதவிடுக்கைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் வெட்டுகிற மெசினை எடுத்தார். நான் ஒட்டியதை எல்லாம் வெட்டினார். காரை நிமிர்த்தி, கதவுவாசலுக்குக் குறுக்கே, கீல் பக்கத் தூணிலிருந்து பூட்டுப் பக்கத் தூணுக்கு ஒரு இரும்புக் கம்பியைப் பிடித்து ஒட்டினார். "இனி வெட்டு" என்றார். அன்று வீட்டுக்குப் போகப் பதினொரு மணி. அதன் பிறகு அந்தக் கம்பி போடாமல் நான் ஒரு சில்லையும் தொட்டதில்லை.

இப்போது விற்பனைக்கு வருவோம். வேலை தெரிந்த ஒருவர் பாதி முடிந்த எம்.ஜி.பி வாங்க வந்தால் எதைப் பார்ப்பார்? எனக்குத் தெரிந்த ஒருவருடைய காரைப் பார்க்க வயதான ஆங்கிலேயர் ஒருவர் வந்தார். எஞ்சின் பக்கமே போகவில்லை. காரின் பக்கவாட்டில் ஜக் வைத்துச் சக்கரம் நிலத்தை விடும்வரை தூக்கினார். கதவைத் திறந்தார், மூடினார், திறந்தார். இடுக்கு மாறவில்லை. ஜக்கில் நிற்கும்போது கதவு சிக்கினால் சில் செத்துப்போயிற்று என்று அர்த்தம். அடுத்து, சட்டைப்பையிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம் ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றிச் சில் வழியாக ஓட்டினார். பசை பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாதே. பிறகு முழங்காலில் இருந்து, சில்லின் முனை முன் மட்காட்டுக்குள் போகிறதா என்று பார்த்தார். ஒழுங்கான வேலை என்றால் மட்காட்டைக் கழற்றித்தான் சில் போடவேண்டும். சோம்பேறிகள் உக்கிய சில்லின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டி மூடிவிடுவார்கள். கடைசியாகப் படங்கள். அரை மணித்தியாலம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தக் குறுக்குக் கம்பி தெரிகிற படத்தில் நிறுத்தி, ஒரு சின்னச் சிரிப்பு. விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார், கொஞ்சம்தான். காருக்கு அப்போது பெயின்ற் இல்லை, சாம்பல் நிறப் பிறைமர் மட்டும். எஞ்சின் ஒரு பக்கம், இருக்கைகள் ஒரு பக்கம்.

இன்னொருவர் கதையையும் கேளுங்கள். நல்ல உழைப்பாளி. சில் வேலையை நேர்மையாகச் செய்தவர். ஆனால் ஒரு படமும் எடுக்கவில்லை. விற்க நினைத்ததும், பளபளவென்று சிவப்பு அடித்துவிட்டார். மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "இதற்குக் கீழே என்ன இருக்கிறது?" அவரிடம் வாய்வார்த்தை மட்டும்தான் இருந்தது. கடைசியில், வேலையே தொடங்காத காருக்குரிய விலைக்குத்தான் போனது. உண்மையாக உழைத்தவர், தன் உழைப்பைத் தானே பெயின்றால் மூடினார்.

விளம்பரத்தில் "90 வீதம் முடிந்தது" என்று மட்டும் எழுதாதீர்கள். மிச்சப் பத்தை நீயே முடித்திருக்கலாமே, என்ன சிக்கல் என்றுதான் வாங்குகிறவர் யோசிப்பார். முடிந்தவை இவை, முடியாதவை இவை, சோதித்துப் பார்க்காதவை இவை என்று மூன்று பட்டியல் போடுங்கள். மூன்றாவது பட்டியல்தான் உங்களை நம்பவைக்கும்.

நேரம் ஓடுகிறது, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழற்றிய நட்டு, போல்ட், கிளிப் எல்லாம் சிறு பைகளில், எங்கிருந்து கழற்றியது என்று எழுதி. ஒரே வாளிக்குள் கொட்டி வைத்தால் அது பழைய இரும்பு. சேஸி இலக்கம் ஜி.எச்.என் என்று தொடங்கினால் அது பிறப்பிலேயே மேல் திறந்த கார், மேல் திறந்த காரில் ஜி.எச்.டி என்று இருந்தால் அது கூரையோடு பிறந்தது, யாரோ பிறகு வெட்டியிருக்கிறார்கள். கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் விண்ணப்பித்தால், கார் எந்த நிறத்தில், எந்தத் திகதியில் செய்யப்பட்டது என்று பழைய பதிவிலிருந்து சான்றிதழ் தருவார்கள். லொக் புக் என்கிற பதிவுப் பத்திரம் காரின் சொந்தக்காரர் யார் என்பதற்கு அத்தாட்சி அல்ல, அதிலேயே அப்படி எழுதியிருக்கிறது. ஆகவே வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடி வையுங்கள். தெருவில் ஓடாது என்று நீங்கள் பதிந்திருந்தால் அந்தப் பதிவு காரோடு போகாது. வாங்குகிறவர் புதிதாகப் பதிய வேண்டும் என்று ஞாபகப்படுத்துங்கள்.

விலையா? செலவழித்த பற்றுச்சீட்டுகளைக் கூட்டி விலை வைக்காதீர்கள். கல்யாணச் செலவை மொய்ப்பணத்தில் எடுக்க முடியுமா? ஆனால் இந்தக் காருக்கு ஒரு நல்ல காலம் உண்டு. 1988இலிருந்து, பழைய அச்சுகளைக் கொண்டே முழு உடல்கூட்டைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள். சாமான் கிடைக்காது என்ற பயம் வாங்குகிறவருக்கு இருக்காது. அவருக்கு இருக்கிற ஒரே பயம், நீங்கள் மூடிவைத்த இடத்தைப் பற்றியது.

தொலைபேசியில் பேசிய தம்பி நேற்று மறுபடி எடுத்தார். போன் கிடைத்துவிட்டதாம், சார்ஜர்தான் கிடைக்கவில்லையாம். அலுமாரிக்குள் பழைய சார்ஜர் வைத்திருக்கிற நேயர் யாராவது அவருக்குக் கிட்ட இருந்தால் கொடுத்து உதவுங்கள். அந்தக் கார் வருகிற கோடைக்குள் வேறொரு கராஜுக்குப் போய், ஒரு நாள் ஹூட்டை மடக்கிக்கொண்டு வெளியே வரட்டும்.