பின்பக்கம் இறங்கும் ஜீப்

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அதுவரை பழைய ஜீப்புகளைத் திருத்தித் திருத்தியே ஓடினோம். தம்பிலுவில், திருக்கோவில் பக்கத்தில் அப்படியொரு வண்டி வைத்திருப்பவர்களுக்காகவே இன்று பேசுகிறேன்.

2002இல் வெளிவந்த டொயோட்டா பிராடோ 120 வரிசையின் உயர்தர வகைகள் சிலவற்றில் பின் சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது. இரண்டு ரப்பர் பைகள்தான் பாரத்தைத் தாங்கும். கொம்பிரஷர் அவற்றுக்குக் காற்றடிக்கும். உயரத்தை அளக்கும் சென்சர் எவ்வளவு காற்று தேவையென்று சொல்லும்.

இரவு நேராக நின்ற வண்டி காலையில் பின்பக்கம் குந்தியிருந்தால், "கொம்பிரஷர் போய்விட்டது, மாற்றுங்கள்" என்பார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் காற்று எங்கோ கசிகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய ஓயாமல் ஓடித்தான் கொம்பிரஷர் சூடாகி எரிகிறது. கசிவை அடைக்காமல் புதியதைப் போட்டால் அதற்கும் அதே கதிதான்.

மாலையில் சமதரையில் நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். காலையில் எஞ்சினை இயக்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்துப் பையையோ குழாயையோ பாருங்கள். இரண்டும் இறங்கியிருந்தால் பொதுவான வால்வையும் இணைப்புகளையும் சேர்த்துச் சந்தேகிக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீரைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி எழும். ரப்பர் மடியும் இடத்தை விட்டுவிடாதீர்கள். வெடிப்பு முதலில் அங்கேதான் வரும்.

அளவு மாறவில்லை, ஆனாலும் வண்டி சரிந்தோ மிக உயர்ந்தோ நிற்கிறதா? சென்சரின் சிறிய கம்பியைப் பாருங்கள். நம் கடற்கரை உப்புக்காற்று அதையும் வயர் முனைகளையும் துருப்பிடிக்க வைக்கும். கொம்பிரஷர் சத்தமே இல்லையென்றால் முதலில் பியூஸையும் ரிலேயையும் சோதியுங்கள்.

பைகளைக் கழற்றிச் சுருள் ஸ்பிரிங் போடுகிறவர்களும் உண்டு. அது பிழையில்லை, ஆனால் பாரம் ஏற்றினாலும் மட்டம் காக்கும் வசதி போய்விடும்.

ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். ஜக் வைக்குமுன் உயரக் கட்டுப்பாட்டுச் சுவிட்சை அணையுங்கள். உறுதியான தாங்கி வைக்காமல் யாரையும் வண்டியின் கீழே போகவிடாதீர்கள். காற்றுப்போனால் வண்டி சட்டென்று இறங்கிவிடும். கராஜில் கசிகிற இடத்தைக் குமிழியோடு காட்டச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.