தாதி வேலைக்கு எந்தப் பள்ளி?



தோட்டத்தில் வளர்ந்தவர்கள் டிரஸர் ஐயாவை மறந்திருக்க மாட்டீர்கள். எந்த நோவுக்கும் ஒரு போத்தல் கசப்பு மருந்து! ஆயினும் அவருடையது பதிவு பெற்ற தொழில். தோட்ட மருத்துவ உதவியாளர்களுக்கென்று 1965-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்தது.

தோட்டத்தைவிட்டுப் பாகான் டாலாம் பக்கம் குடியேறியவர்கள், மகளைத் தாதியாக்க எந்தப் பள்ளியில் சேர்ப்பதென்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் நர்சிங்கைத் தொழிற்பாடமாகவே படிக்கலாம். இங்கே பக்கத்து இடைநிலைப்பள்ளியே போதும். எஸ்.பி.எம். சோதனையில் தேசிய மொழி, கணிதம், அறிவியல் மூன்றிலும் கிரெடிட் வேண்டும்; மற்றப் பாடங்களையும் பார்ப்பார்கள்.

பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் தேசிய மொழியில்தான். தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளையைப் புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைத்தால், அதை அவமானமென்று எண்ணிப் படிப்பையே நிறுத்திய வீடுகளை நாம் அறிவோம். அந்த ஓராண்டு மொழியைப் பிடித்துக்கொள்ளக் கிடைத்த ஆண்டு, தாய்மார்களே. அதில் தேறிய பிள்ளைக்கு நான்காம் படிவத்து அறிவியல் புத்தகம் மிரட்டாது.

அதன்பின் மூன்றாண்டு டிப்ளோமா. தனியார் கல்லூரியென்றால் கடன் வாங்கிப் பணம் கட்டுமுன், அந்தப் படிப்பைத் தாதியர் வாரியம் ஏற்றிருக்கிறதா என்று கேளுங்கள். வாரியத்தில் பதிவு இல்லாதவர் தாதியாக வேலை செய்ய முடியாது. கல்லூரியின் கடிதம் புரியாவிட்டால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் காட்டலாம்.

பையன்களைச் சொல்ல மறந்துவிட்டோமே! அவர்களும் தாதியாகலாம், அந்த டிரஸர் வழியில் மருத்துவ உதவி அதிகாரியாகவும் ஆகலாம்.