பங்கில் போட்ட பணம் பத்திரமா?

(அடி அண்ணாமலையில் நம் அறக்கட்டளை நடத்திய குடும்பச் சேமிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பங்குச் சந்தையா? அது சூதாட்டமாச்சே!" என்கிறார்கள் நம் பெரியவர்கள். "பத்து வருஷம் விட்டு வைத்தால் லாபம் நிச்சயம்" என்று செல்போனைக் காட்டுகிறார்கள் நம் பிள்ளைகள். இரண்டு பேச்சையும் இன்று நிறுத்துப் பார்ப்போம்.

பங்கு என்பது ஒரு கம்பெனியில் நமக்குள்ள சிறு கூட்டு. லாபத்திலும் கூட்டு, நட்டத்திலும் கூட்டு. வட்டிபோல் உறுதியான தொகை அதில் கிடையாது.

கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். மழை கொட்டிய பௌர்ணமியில் கொள்முதல் காசுகூடத் தேறாது. அதற்காக மறுநாளே கடையைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவோமா? வருஷக் கணக்கைத்தானே பார்ப்போம்!

சந்தையும் அப்படித்தான். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 8,000 சொச்சத்துக்கு விழுந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2013 கடைசி ஆயிற்று. 2020-இல் 42,000-லிருந்து இரண்டே மாதத்தில் 26,000-க்கும் கீழே போனது. ஆனால் 2021 ஜனவரியில் 50,000-ஐத் தொட்டது.

அந்த 2020 மார்ச்சை நம் ஊர் மறக்காது. கொரோனாவால் கிரிவலத்துக்குத் தடை வந்தது, கடைகள் மூடின. பங்கு விழுந்ததும் வருமானம் நின்றதும் ஒரே மாதத்தில். கையிருப்பு வைத்திருந்தவரால் பொறுத்திருக்க முடியும். அரிசிக்கும் மருந்துக்கும் அந்தப் பணத்தையே நம்பியிருந்தவர் அடிமாட்டு விலைக்கு விற்றாக வேண்டும். பங்கு ஒன்றுதான், விழுந்த விலையும் ஒன்றுதான். நட்டம் ஒருவருக்கு மட்டுமே. ஆகவே ஆபத்து பங்கில் மட்டும் இல்லை. எந்தப் பணத்தைப் போட்டோம், எப்போது அது தேவைப்படும் என்பதிலும் இருக்கிறது.

காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டோம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 கடைசியில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. ஒரே கம்பெனியில் போடுவது அதைவிட ஆபத்து. சத்யம் கம்பெனியின் பொய்க் கணக்கு 2009 ஜனவரி 7 அன்று வெளிவந்தபோது, அதன் பங்கு ஒரே நாளில் முக்கால் பங்குக்கு மேல் மதிப்பிழந்தது.

நம் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் செல்போனில் ஆடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் நீண்டகால முதலீடே அல்ல. 2021 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் பணம் இழந்தார்கள் என்று செபி கணக்கெடுத்துச் சொன்னது. பெரியவர்கள் சூதாட்டம் என்றது இதைத்தான் என்றால் நாமும் ஆமோதிப்போம்.

பங்குக்குப் பயந்தவர்கள் எங்கே போனார்கள்? மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொன்ன ஆருத்ராவிடம் சுமார் ஒரு லட்சம் பேர் 2,438 கோடி ரூபாயைக் கொடுத்தார்கள். நம் மாவட்டத்து ஆரணியிலும் அதற்குக் கிளை இருந்தது. பெங்களூரில் 'ஹலால் முதலீடு' என்று நம் சமுதாயத்தாரிடமே பணம் திரட்டிய ஐ.எம்.ஏ.வின் அதிபர் 2019 ஜூனில் வெளிநாட்டுக்கு ஓடி, மறுமாதம் டெல்லியில் பிடிபட்டார். ஏறி இறங்கும் பங்கைவிட, இறங்கவே இறங்காது என்று சொல்லப்படும் திட்டம்தான் நம் வீடுகளை அழித்திருக்கிறது.

பங்கு வாங்க விரும்புவோர் மார்க்க வரம்பையும் பார்க்க வேண்டும். வட்டி வங்கி, மது போன்ற தொழில்களையும் அதிகக் கடனுள்ள கம்பெனிகளையும் விலக்கிய நிஃப்டி 50 ஷரீஆ போன்ற குறியீடுகள் உண்டு. இது சிபாரிசு அல்ல. ஆலிமிடமும் விவரம் தெரிந்தவரிடமும் கேட்டு முடிவெடுங்கள். ஜகாத் கணக்கிலும் பங்கைச் சேருங்கள்.

முடிவாக நான்கு சொல்கிறோம். முதலில் கடனை அடையுங்கள். ஆறு மாதச் செலவைக் கையில் வையுங்கள். நிக்காஹ், படிப்பு, வைத்தியம், ஹஜ் என்று சில வருஷங்களில் வேண்டிய பணத்தைப் பங்கில் போடாதீர்கள். ஏழு, எட்டு வருஷம் தொடாத பணம் இருந்தால் மட்டும், பல கம்பெனிகளில் பிரித்து, மாதாமாதம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்ன மார்க்கம் நம்முடையது. கட்டுவது நம் பொறுப்பு, பரக்கத் அல்லாஹ்விடம். ஹலாலான ரிஸ்கை அவன் நம் எல்லோருக்கும் தருவானாக, ஆமீன்.