இருமொழி தாங்கிய வெள்ளிக்காசு

அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பின்னர் பாக்திரியாவில் வேரூன்றிய கிரேக்கர், காலப்போக்கில் இந்துகுஷ் மலையைக் கடந்து இந்தியாவின் வடமேற்கிலும் ஆட்சி செலுத்தினர். அவர்களுள் பெரும்புகழ் பெற்றவன், கி.மு. 2ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட மெனாந்தர் என்னும் மன்னன். அவன் வெளியிட்ட திரக்மா என்னும் வெள்ளிக்காசு ஏறக்குறைய இரண்டரைக் கிராம் நிறையே உடையது. ஆயினும், வரலாற்றுக்கு அது ஆற்றிய தொண்டு பெரிது.

காசின் ஒருபுறத்தில் மன்னனின் உருவமும், அதனைச் சூழக் கிரேக்க எழுத்துக்களும் உள்ளன. 'இரட்சகனாகிய மெனாந்தர் மன்னனுடையது' என்பது அவற்றின் பொருள். மறுபுறத்தில் அதீனா தேவி இடியை ஆயுதமாக ஓங்கி நிற்கின்றாள். அவளைச் சுற்றி, 'மகாராஜஸ திராதரஸ மெனந்திரஸ' என அதே பொருள் பிராகிருத மொழியில், வலமிருந்து இடமாகச் செல்லும் கரோஷ்டி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆண்டவர் மொழியும் ஆளப்பட்டோர் மொழியும் ஒரே காசில் இடம்பெற்றன.

பிற்காலத்தில் கரோஷ்டி எழுத்தை வாசிக்க வல்லார் எவரும் இலராயினர். 1830களில், ஆப்கானிஸ்தானத்தில் பழங்காசுகளைத் திரட்டிய சாள்ஸ் மாசன், இத்தகைய காசுகளின் இருபுறமும் ஒரே பெயரே காணப்படுகின்றது என்பதை உய்த்துணர்ந்தார். கல்கத்தா நாணயசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், அறிந்த கிரேக்கப் பெயர்களைக் கொண்டு அறியாத எழுத்துக்களை ஒவ்வொன்றாக இனங்கண்டார். 1840இல் தமது நாற்பதாவது வயதில் அவர் காலமானார். எஞ்சிய பணியைப் பிற அறிஞர் தொடர்ந்தனர். அதன் பயனாக, ஷாபாஸ்கடிப் பாறையில் கரோஷ்டி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்த அசோகனின் ஆணைகளையும் உலகம் வாசிக்கலாயிற்று.

இலங்கையின் பௌத்த மரபும் இம்மன்னனை மறந்ததில்லை. நாகசேன தேரரிடம் நுண்ணிய வினாக்களைத் தொடுத்த மிலிந்த மன்னனைப் பற்றிப் பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹா கூறுகின்றது. அந்த மிலிந்தனே மெனாந்தர் என்பது அறிஞர் முடிபு. அவன் கேட்ட வினாக்கள் எனப் போற்றப்படுபவற்றை ஏட்டில் எழுதிக் காத்தவர் பிக்குகள்; அவன் முகத்தையும், அவன் தன் குடிகளுக்குத் தன்னை அறிவித்த முறையையும் இன்று நமக்குக் காட்டுவது இந்தச் சிறு வெள்ளிக்காசு. பழங்காசொன்றை உருக்கிவிட்டால் வெள்ளி எஞ்சும். அதிலுள்ள எழுத்தோ மீளாது.