வாங்குவோர் கொடுக்கும் வரி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் காத்திருக்கும் இம்மாலைப் பொழுதில் விற்பனை வரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். வரி என்ற சொல் செவிக்கு இனியதன்று. ஆயினும் மும்பையில் நாள்தோறும் கடை ஏறி இறங்கும் நமக்கும், கடை வைத்துப் பிழைக்கும் நம்மவர்க்கும் இதைவிட அண்மையான செய்தி வேறில்லை.

இவ்வரியோடு தமிழகத்துக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய இராஜாஜியின் அமைச்சரவை, அதனால் குறைந்த வருவாயை ஈடு செய்ய வழி தேடிற்று. 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. பல்வகைப் பண்டங்களுக்கும் பொதுவாக விற்பனை வரி விதித்த சட்டம் இந்தியாவில் அதுவே முதலாவது. பொருள் கை மாறுந்தோறும் அதன் முழு விலை மீதும் வரி ஏறிற்று. வரியின் மேலும் வரி படிந்தது. அந்தக் குறையைப் பின்னாளில் மதிப்புக் கூட்டு வரியும், 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியும் பெரிதும் நீக்கின.

அஃது எங்ஙனம் என்பதை ஒரு மிக்ஸியைக் கொண்டு காண்போம். அதற்குரிய வரி நூற்றுக்கு 18. கோயம்புத்தூர் உற்பத்தியாளர் அதனை 2,000 ரூபாய்க்கு மும்பை மொத்த வணிகருக்கு விற்கிறார். வரி 360 ரூபாய். மொத்த வணிகர் 2,500 ரூபாய்க்குக் கடைக்காரருக்குத் தருகிறார், வரி 450. முன்னரே கொடுத்த 360ஐக் கழித்து, 90 ரூபாய் மட்டும் செலுத்துகிறார். கடைக்காரர் நமக்கு 3,000 ரூபாய்க்கு விற்கிறார், வரி 540. தாம் கொடுத்த 450ஐக் கழித்து அவரும் 90 ரூபாய் செலுத்துகிறார். மூவர் செலுத்தியதும் சேர்ந்து 540 ரூபாய்.

அந்த 540 யாருடைய பணம்? உற்பத்தியாளருடையதா? வணிகருடையதா? இல்லை, முழுவதும் நம்முடையது. வணிகர் நம் பணத்தை அரசிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே. அவர் ஒப்புக்கொண்ட பொறுப்புக்குச் சான்றுதான் ரசீது.

அப்பணம் எங்கே போகிறது? 1956இல் இயற்றப்பட்ட மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி, மாநிலம் கடந்து விற்ற பொருளின் வரி அது புறப்பட்ட மாநிலத்துக்கே சேர்ந்தது. இன்றைய முறையில் பொருளை நுகரும் மாநிலத்துக்கே மாநிலப் பங்கு உரியது. ஆகவே, கோவையில் செய்த மிக்ஸியை இங்கே வாங்கினால், 270 ரூபாய் மத்திய அரசுக்கும் 270 ரூபாய் மகாராஷ்டிரத்துக்கும் சேரும். நம்மை வந்தேறிகள் என்று எவரேனும் எண்ணினால், இம்மண்ணின் சாலைக்கும் பள்ளிக்கும் நாமும் பொருள் கொடுத்தவர்கள் என்று நம் கையிலுள்ள ரசீதுகள் கூறும்.

ஆனால் அந்த ரசீதை நாம் கேட்கிறோமா? நானே ஒருமுறை தவறினேன். “ரசீது வேண்டாமென்றால் வரியைத் தள்ளித் தருகிறேன்” என்றார் ஒரு கடைக்காரர். ஆசை வென்றது. இரண்டே திங்களில் பொருள் பழுதுற்றது. “இஃது எங்கள் கடையில் வாங்கியதுதானா?” என்று அவரே கேட்டார். என்னிடம் விடையில்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் முழு விலையையும் இழந்தேன். அது மட்டுமோ? நேர்மையாக வரி செலுத்தி விற்ற பக்கத்துக் கடைக்காரரின் வியாபாரத்தையும் கெடுத்தேன்.

வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டியவை சில. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. வரி வாங்கும் கடையின் ரசீதில் 15 இலக்கப் பதிவெண் இருத்தல் வேண்டும். முதலிரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரத்துக்கு 27, தமிழ்நாட்டுக்கு 33. பதிவு பெறாத வணிகர் வரி என்று ஒரு காசும் வாங்கலாகாது.

சிற்றுண்டிச் சாலை நடத்தும் நம் அன்பர்க்கும் ஒரு சொல். ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்படாதவர் இணக்க வரித் திட்டத்தில் சேரலாம். உணவகத்தார்க்கு விற்றுவரவில் நூற்றுக்கு 5 வரி. கணக்கு வேலையும் குறைவு. ஆனால் அவ்வரியைத் தம் கையிலிருந்தே கட்ட வேண்டும். உண்பவரிடம் தனியே வாங்கலாகாது. திட்டத்தில் சேராத வணிகரோ, சரக்கு வாங்கும் இடத்தை நன்கு தேர்ந்துகொள்க. விற்றவர் வரியை அரசுக்குச் செலுத்தாவிடில், வாங்கிய வணிகர் அதைக் கழித்துக்கொள்ளும் உரிமைக்கே இடையூறு நேரும். ஒருவர் செய்த பிழை மற்றொருவரின் முதலைத் தின்னும்.

அன்பர்களே! நாளைக் காலை கடைக்குச் செல்லும்போது ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டா. நாம் கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அரசிடம் அவ்வுரிமையை நிலைநாட்ட விழைவோர், கடை வாயிலிலேயே அதைத் தொடங்குதல் வேண்டும்.