சீரியலில் சேர இருபதாயிரமா?

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)

  சேமிப்பு, சந்தா, தணிக்கை எல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க சொல்லிட்டாங்க. நான் சீரியலைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க, இதுவும் கடன் விஷயம்தான்.

போன மாதம் எங்க குழுவில் ஒரு உறுப்பினர் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, மகளை சீரியலில் சேர்க்கவாம். பிளஸ் டூ முடிச்ச பொண்ணு. போட்டோ ஆல்பம் போடணும், பதிவுக் கட்டணம் கட்டணும்னு யாரோ ஒருத்தர் போனில் சொல்லியிருக்கார். நான் தயங்கினேன். "நீங்களும்தானேக்கா தினமும் பார்க்கறீங்க, என் பொண்ணு அதுல வந்தா மட்டும் ஆகாதா?"ன்னு கேட்டுட்டாங்க. எனக்குப் பதில் வரலை. நான் பார்க்கிறது உண்மைதானே.

அப்புறம்தான் யோசிச்சேன். நமக்குத் தெரிஞ்சவங்க எல்லாம் எப்படி வந்தாங்க?

ராதிகா 1978-ல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் வந்தவங்க. 'சித்தி' சீரியல் வந்தது 1999 கடைசியில். நடுவில் இருபது வருஷ அனுபவம். அதைத் தயாரிச்சதும் அவங்க சொந்தக் கம்பெனி ராடான்தான். அப்பல்லாம் தயாரிக்கிறவங்க டி.வி.க்கு நேரத்துக்கான கட்டணம் கட்டணும், விளம்பரம் பிடிச்சு அந்தக் காசை எடுக்கணும். வாரச்சந்தையில் இடத்துக்கு சுங்கம் கட்டிட்டுக் கடை போடுற மாதிரி. வியாபாரம் ஆகலைன்னா நஷ்டம் நம்ம தலையில்தான். அந்தப் பொறுப்பை எடுத்ததால்தான் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி'ன்னு போய் 2018-ல் முடிஞ்ச 'வாணி ராணி' வரைக்கும் நிலைச்சாங்கன்னு நான் நினைக்கிறேன். சம்பளத்துக்கு மட்டும் நடிச்சிருந்தா கஷ்டம்தான்.

'கோலங்கள்' அபியா 2003-லிருந்து 2009 வரைக்கும் வந்த தேவயானியும் அதுக்கு முன்னாடியே சினிமாவில் பேர் வாங்கினவங்க. பிரியா பவானி சங்கர் செய்தி வாசிச்சிட்டு இருந்து, 2014-ல் சீரியலுக்கு வந்து, 2017-ல் 'மேயாத மான்' படத்துக்குப் போனாங்க. ஏன், நம்ம விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசனே சின்னப் பையனா நாடகக் கம்பெனியில் சேர்ந்து, வருஷக்கணக்கா வேஷம் கட்டின பிறகுதான் 1952-ல் 'பராசக்தி'.

'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை மறக்க முடியுமா? அந்த மாரிமுத்து தேனிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். உதவி இயக்குநரா வருஷக்கணக்கில் கஷ்டப்பட்டு, இரண்டு படம் இயக்கியும் வராத பேர், ஐம்பது வயசுக்கு மேல சீரியலில் வந்தது. 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி டப்பிங் பேசிட்டிருக்கும்போது நெஞ்சுவலி வந்து போயிட்டார். நான் அன்னைக்கு அடுப்புப் பத்த வைக்கலை. ஆனா கதை நிக்கலை. வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். 'இவருக்குப் பதில் இவர்'னு போடறதை நாம எத்தனை தடவை பார்த்திருக்கோம்! நடிக்கிறவங்களுக்கு நாள் கணக்கில்தான் சம்பளம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக ஷூட்டிங்கை நிறுத்தினப்ப லைட்டு தூக்குறவங்க, மேக்கப் போடுறவங்க வீட்டிலெல்லாம் அரிசிக்கே நிதி திரட்ட வேண்டியதாப் போச்சு.

இதையெல்லாம் அந்த உறுப்பினர்கிட்ட சொன்னேன். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு அந்த ஆளுக்குப் போன் பண்ணினோம். எந்த சீரியல், எந்தக் கம்பெனி, பணத்துக்கு ரசீது உண்டா? மூணு கேள்விதான். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு வாய்ப்பு கிடையாது"ன்னு வெச்சிட்டார். நாற்று நடக் கூப்பிட்டவர் நம்மகிட்டயே கூலி கேட்டா போவோமா?

கடனைத் தள்ளி வைத்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். அந்த உறுப்பினருக்கு என் மேல கோபம்தான், கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்றதில்லை. பொண்ணுக்கு ஆசை இருக்கிறது தப்பே இல்லை. மேக்கப், தலை அலங்காரம் முறையாக் கத்துக்க எவ்வளவு ஆகும்னு விசாரிச்சிட்டு, வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அந்தப் பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கேன்.